பத்து நிமிடத்தில் எழும் வெப் சர்வர், அதற்குப் பிறகு காத்திருக்கும் வேலைகள்

ஸாம்ப் போன்ற ஒரு தொகுப்பை இறக்கிக்கொண்டு 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனால் அப்பாச்சி (வெப் சர்வர்), மரியாடிபி (மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த தரவுத்தளம்), பிஹெச்பி (நிரல்மொழி) மூன்றும் பத்து நிமிடத்தில் ஓட ஆரம்பித்துவிடும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் வரவேற்புப் பக்கம் பளிச்சென்று வரும். கிடைக்கிற வழிகாட்டிகளில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. நேரத்தையும் பணத்தையும் தின்பது அதற்கு அடுத்த கட்டம்தான். தளம் வெளியே தெரிய வேண்டும், பூட்டு அடையாளம் வர வேண்டும், படம் ஏற்ற முடிய வேண்டும், மூன்று மாதம் கழித்தும் நிற்காமல் ஓட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் இதில் இறங்கியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்: சொன்னதைச் சொன்னபடி செய்திருப்போம், திரையில் 502 (வெப் சர்வரால் பின்னால் உள்ள நிரலோடு பேச முடியவில்லை) என்று மட்டும் நிற்கும். இதை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்போது தோன்றியவற்றை, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

ரெடிமேட் தொகுப்பில் நமக்காக வேறு யாரோ ஏற்கெனவே பல முடிவுகளை எடுத்து வைத்திருக்கிறார்கள். எந்தப் போர்ட் (இணைப்பு வாசலின் எண்), எந்தப் பயனர் பெயரில் ஓடும், தரவுத்தளக் கோப்புகள் எங்கே கிடக்கும், லாக் (நடந்ததைக் குறிக்கும் பதிவு) எங்கே எழுதப்படும், முதல் பாஸ்வேர்ட் என்ன. ஓடிக்கொண்டிருக்கும்வரை இது பெரிய வசதி. நின்றுபோன நாளில், வாடகைக்கு வந்த வீட்டில் கரண்ட் போன பிறகு மெயின் ஸ்விட்ச்சைத் தேடுவது போல ஆகிவிடும். அதனால் நிறுவி முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த ஐந்தையும் கண்டுபிடித்து ஒரு கோப்பில் எழுதி வைப்பது. உபுண்டு, டெபியன் லினக்ஸில் ஏபிடி (மென்பொருள் நிறுவும் கட்டளை) வழியாக வரும் அப்பாச்சிக்கு அமைப்புக் கோப்புகள் ஈடிசி/அப்பாச்சி2, லாக் வார்/லாக்/அப்பாச்சி2, ஓடும் பயனர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. மைஎஸ்க்யூஎல் தரவு வார்/லிப்/மைஎஸ்க்யூஎல். ரெட்ஹேட் குடும்பத்தில் அதே அப்பாச்சியின் பெயர் எச்டிடிபிடி, பயனர் பெயர் அப்பாச்சி. விண்டோஸ் ஸாம்ப்பில் எல்லாமே ஸாம்ப் ஃபோல்டருக்குள்தான், தரவு மட்டும் மைஎஸ்க்யூஎல்/டேட்டாவில். அப்பாச்சிக்கு மாற்றான வெப் சர்வர் என்ஜின்எக்ஸ்-இல் ஒரு வில்லங்கம் உண்டு. டெபியன் களஞ்சியத்திலிருந்து வந்தால் அது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பெயரில் ஓடும். என்ஜின்எக்ஸ் குழுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தால் என்ஜின்எக்ஸ் என்ற பயனர் பெயரில் ஓடும். பிஹெச்பியை ஓட்டும் சேவையான பிஹெச்பி-எஃப்பிஎம்மோடு அது பேசும் சாக்கெட் கோப்போ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்கு மட்டும் திறந்திருக்கும். விளைவு 502. வழிகாட்டி ஒரு களஞ்சியத்தை வைத்து எழுதப்பட்டிருக்கும், நீங்கள் நிறுவியது வேறாக இருக்கும். லாக்கில் 'பெர்மிஷன் டினைட்' என்று ஒற்றை வரி இருக்கும். அந்த லாக் எங்கே என்று தெரிந்தால் ஐந்து நிமிடத்து வேலை, தெரியாவிட்டால் அன்றைய பொழுது போச்சு.

முதல் சண்டை பெரும்பாலும் போர்ட் 80-க்குத்தான். விண்டோஸில் அப்பாச்சி தொடங்கிய வேகத்தில் நின்றால், நெட்ஸ்டாட்டை ஏ, என், ஓ விருப்பங்களோடு ஓட்டிப் பாருங்கள். 80-ஐப் பிடித்திருக்கும் செயல்முறையின் எண் வரும். அது 4 என்றிருந்தால் பிடித்திருப்பது விண்டோஸ் கர்னலின் எச்டிடிபி பகுதி. அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஐஐஎஸ் (விண்டோஸின் சொந்த வெப் சர்வர்), அதாவது 'வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங்' சேவை. சர்வீசஸ் பட்டியலில் போய் அதை நிறுத்திவிடலாம். அது வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது என்றால் அப்பாச்சியின் லிசன் வரியில் 8080 போட்டு, சர்வர்நேம் வரியிலும் அதையே மாற்ற வேண்டும். லினக்ஸில் இதே சண்டை வேறு முகத்தோடு வரும். என்ஜின்எக்ஸ் நிறுவிவிட்டு, பிறகு வெறுமனே 'பிஹெச்பி' என்ற பேக்கேஜைக் கேட்டால், உபுண்டு அதற்குத் துணையாக அப்பாச்சியையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வந்துவிடும். என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே ஓடுவதால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சர்வரை ரீபூட் செய்யும் நாளில் அப்பாச்சி முந்திக்கொள்ளக்கூடும். தளம் இருந்த இடத்தில் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் சிரிக்கும். கேட்க வேண்டியது பிஹெச்பி-எஃப்பிஎம் பேக்கேஜை.

ஸாம்ப் வைத்திருப்பவர்களை உண்மையிலேயே கலங்கடிப்பது 'மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி' என்ற செய்தி. தரவுத்தளத்தை முறையாக நிறுத்தாமல் கணினியை அணைத்தால் இது வரும். இதற்கு எங்கும் பரவிக் கிடக்கும் மருந்து, டேட்டா ஃபோல்டரில் உள்ள ஐபிடேட்டா1 என்ற கோப்பை அழித்துவிடு என்பது. செய்தால் மைஎஸ்க்யூஎல் உடனே பச்சையாகிவிடும், மனசும் குளிர்ந்துவிடும். பிறகு அட்டவணையைத் திறந்தால் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும், உள்ளே போனால் 'எஞ்சினில் இல்லை' என்று சொல்லும். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறை) அட்டவணைகளின் அகராதி அந்தக் கோப்புக்குள்தான் இருந்தது. சரியான வழி இது: முதலில் டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறிடத்துக்கு நகலெடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அடுத்து டேட்டாவின் பெயரை மாற்றிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் பேக்கப் ஃபோல்டரை நகலெடுத்து அதற்கு டேட்டா என்று பெயர் வையுங்கள். பழைய ஃபோல்டரிலிருந்து உங்கள் சொந்தத் தரவுத்தளங்களின் ஃபோல்டர்களையும் ஐபிடேட்டா1-ஐயும் புதியதற்குள் கொண்டுவாருங்கள். மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா, பிஹெச்பிமைஅட்மின் என்ற மூன்று ஃபோல்டர்களைத் தொடவேண்டாம். பெரும்பாலான சமயம் இது போதும். இன்னொன்று, ஸாம்ப்பில் தரவுத்தள ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. அது நிரல் எழுதிப் பழகுவதற்கான தொகுப்பு என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். அதை அப்படியே இணையத்தில் திறந்துவிடுவது கதவில்லாத வீட்டுக்குப் பலகை மாட்டுகிற வேலை.

சொந்தக் கணினியையே வெளியுலகுக்குத் திறந்துவிடலாம் என்று அடுத்த ஆசை வரும். அதற்கு முன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'டபிள்யூஏஎன்' (வெளி இணையத்துக்கான) முகவரி என்ன என்று பாருங்கள். 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் ஒன்றில் வருவதோடு அது பொருந்த வேண்டும். பொருந்தாமல், ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கும் முகவரி இருந்தால், இணைப்பு தருபவர் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறார் என்று பொருள். அந்த நிலையில் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை விதமாக மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. கதவு உங்கள் ரவுட்டரில் இல்லை. நிலையான ஐபிக்குத் தனியாகப் பணம் கட்டுவதற்கு முன், உள்வரும் போர்ட் 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) இரண்டும் திறந்திருக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐபியைக் கொடுத்துவிட்டுப் போர்ட்டை மூடி வைக்கும் இணைப்புகள் உண்டு, கட்டிய பணம் திரும்பாது. இன்னொரு ஏமாற்று: வீட்டு வைஃபையிலிருந்தே உங்கள் டொமைனை அடித்துப் பார்த்து, திறக்கவில்லையே என்று நொந்துபோவது. பல ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய்த் திரும்பும் பயணத்தை அனுமதிப்பதில்லை. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்றுதான் வாடகைக்கு விபிஎஸ் (இணையத்தில் ஓடும் மெய்நிகர் சர்வர்) எடுப்பார்கள். எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் எதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். புதுப்பிப்புகளைப் போட்டு, ரூட் அல்லாத ஒரு பயனரை உருவாக்கி, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சாவியை ஏற்றுங்கள். பழைய டெர்மினலை மூடாமல், புதிய டெர்மினலில் சாவியை வைத்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகே பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டோம் என்று நம்பியும் விடக்கூடாது. உபுண்டுவின் கிளவுட் இமேஜ்களில், எஸ்எஸ்எச்டி (அந்த நுழைவைக் கவனிக்கும் மென்பொருள்) அமைப்பின் துணை ஃபோல்டருக்குள், சர்வரை முதல்முறை தயார்செய்யும் கிளவுட்-இனிட் வைத்த ஒரு சின்னக் கோப்பு பாஸ்வேர்டை அனுமதித்தபடி இருப்பதுண்டு. எஸ்எஸ்எச்டி-க்கு முதலில் படித்ததுதான் செல்லும். துணைக் கோப்பு முதலில் படிக்கப்படுகிறது. பிரதானக் கோப்பில் 'நோ' என்று போட்டாலும் நடப்பது 'யெஸ்'தான். எஸ்எஸ்எச்டி-யைப் பெரிய 'டி' விருப்பத்தோடு ஓட்டினால் உண்மையில் நடப்பில் உள்ள அமைப்பைக் காட்டும். அதை மட்டும் நம்புங்கள். உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூ-வை இயக்குவதற்கு முன் எஸ்எஸ்எச் போர்ட்டான 22-ஐ அனுமதியுங்கள், இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்பீர்கள். வாடகை தருபவரின் கன்சோலில் தனியாக இன்னொரு ஃபயர்வால் இருக்கக்கூடும். ஒன்றில் 443-ஐத் திறந்து மற்றொன்றை மறந்தால், இணைப்பு மறுக்கப்படாமல் சுழன்றுகொண்டே இருக்கும். சுழன்றுகொண்டே இருந்தால் ஃபயர்வால், உடனே 'ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் சர்வர் மென்பொருள் ஓடவில்லை: இந்த வேறுபாடு பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

டாக்கர் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாக, அதாவது கன்டெய்னர்களாக ஓட்டும் கருவி) பயன்படுத்துபவர்களுக்கு இங்கே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிமட்ட ஃபயர்வாலில்) நேரடியாக எழுதுகிறது. யூஎஃப்டபிள்யூ எல்லாம் மூடியிருப்பதாகக் காட்டும். கம்போஸ் (கன்டெய்னர்களை விவரிக்கும்) கோப்பில் 3306:3306 என்று போட்ட தரவுத்தளமோ உலகத்துக்கே திறந்து கிடக்கும். அந்த வரியை 127.0.0.1:3306:3306 என்று எழுதினால் சர்வருக்குள்ளிருந்து மட்டும் தொட முடியும். ஒரே கம்போஸ் கோப்பில் உள்ள கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் போர்ட்டை வெளியிடவே தேவையில்லை, வரியையே நீக்கிவிடுவது இன்னும் நல்லது. வெளியே இன்னொரு கணினியிலிருந்து என்மேப் (திறந்த போர்ட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

டொமைனையும் சான்றிதழையும் பற்றி. டிஎன்எஸ் (டொமைனை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு) மாற்றப் போவதற்கு முந்தைய நாளே டிடிஎல் (அதை நினைவில் வைக்கும் காலம்) மதிப்பை 300 நொடிக்கு இறக்கிவிடுங்கள். 86400-இல் விட்டுவிட்டு மாற்றினால், பழைய முகவரியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பழைய சர்வர்தான் தெரியும். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழ் வழக்கமான முறையில் கிடைக்க, போர்ட் 80 திறந்திருந்தே ஆகவேண்டும்; 443 மட்டும் போதும் என்று 80-ஐ மூடியவர்கள் இங்கே மாட்டுவார்கள். டொமைனில் ஐபிவி6 முகவரிக்கான 'ஏஏஏஏ' பதிவு ஒன்று பழைய சர்வரைக் காட்டிக்கொண்டு கிடந்தால், சோதனை முதலில் அங்கேதான் போகும், தோற்றுத் திரும்பும். அந்தப் பதிவு பிரவுசரில் தெரியாது, டிஎன்எஸ் பட்டியலில்தான் தெரியும். கோபத்தில் திரும்பத் திரும்ப முயற்சி செய்வதுதான் பெரிய தீங்கு. ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை சோதனை தோற்றால் காத்திருக்கச் சொல்லிவிடும். அதே பெயர்களுக்கு 7 நாளில் 5 சான்றிதழுக்கு மேல் தராது. சான்றிதழை வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே தங்கும் சேமிப்பில்) சேமிக்காமல் கன்டெய்னரை அழித்து அழித்து எழுப்புபவர்கள் இந்த இரண்டாவது சுவரில் முட்டி, அடுத்த சான்றிதழுக்கு ஒன்றரை நாள் வரை கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். முதலில் லெட்ஸ் என்கிரிப்டின் ஸ்டேஜிங் (ஒத்திகை) சர்வரில் ஓட்டிப் பார்த்து, அது வென்ற பிறகு உண்மையானதைக் கேளுங்கள்.

சான்றிதழின் ஆயுள் 90 நாள். செர்ட்பாட் (சான்றிதழை வாங்கித் தரும் கருவி) தானாகவே புதுப்பித்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் புதுப்பித்த கோப்பை என்ஜின்எக்ஸ் மறுபடி படிக்க வேண்டும். 'செர்ட்ஒன்லி' முறையில் வாங்கியிருந்தால் டெப்ளாய்-ஹூக்கில் (புதுப்பித்ததும் ஓட வேண்டியதை எழுதும் இடத்தில்) ரீலோட் கட்டளையை நீங்கள்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் வட்டில் புதிய சான்றிதழ் இருக்கும், பார்வையாளருக்குக் காலாவதியானது போகும். முன்பெல்லாம் காலாவதிக்கு முன் லெட்ஸ் என்கிரிப்ட் மின்னஞ்சல் அனுப்பி எச்சரிக்கும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். நீங்களே ஒரு கண்காணிப்பை வைத்துக்கொள்ள வேண்டும். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சில் 47 நாளுக்குக் கொண்டுவரப் போகிறார்கள், ஆகவே கையால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம். இதில் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு என் பரிந்துரை 'கேடி' என்ற வெப் சர்வர். சான்றிதழ் வாங்குவது, புதுப்பிப்பது, எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பிவிடுவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அமைப்புக் கோப்பும் நாலைந்து வரிதான். அப்பாச்சிக்கென்று எழுதப்பட்ட பழைய மென்பொருள்களின் திருப்பிவிடும் விதிகளை மட்டும் அதற்கு மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

சான்றிதழ் கிடைத்ததுமே தானியங்கிகள் வந்து நிற்கும். வெளியிடப்படும் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் நிறைய. தளத்தின் முகவரியை ஒருவருக்கும் சொல்லாமலே, லாக்கில் பிஹெச்பிமைஅட்மின் (தரவுத்தளத்தைப் பிரவுசரில் கையாளும் கருவி), டாட் என்வி (பாஸ்வேர்டுகள் உள்ள கோப்பு), டாட் கிட் (நிரலின் வரலாறு உள்ள ஃபோல்டர்), வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கம் என்று வரிசையாகத் தட்டிப் பார்த்திருப்பார்கள். பயந்துபோய் சர்வரை அணைக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து திறக்கும் ஃபோல்டருக்குள் டாட் என்வியோ, பேக்கப் எஸ்க்யூஎல் கோப்போ, டாட் கிட் ஃபோல்டரோ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிஹெச்பிமைஅட்மினை வெளியே திறக்காமல் எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகப் பயன்படுத்துங்கள்.

இனி பிழை எண்கள். 403 (அனுமதி இல்லை) வந்தால் 'ஃபோல்டருக்கு 777 கொடு', அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடு, என்று யாராவது சொல்வார்கள். எனக்கு இந்த ஒரு அறிவுரையைப் பார்த்தால்தான் கோபம் வரும். ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644, பாஸ்வேர்ட் உள்ள அமைப்புக் கோப்புக்கு 640. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் சிக்கல் உரிமையாளர் யார் என்பதிலோ, மேலே உள்ள ஃபோல்டரிலோ இருக்கிறது. உபுண்டு 21.04-இலிருந்து பயனரின் ஹோம் ஃபோல்டர் 750-ஆகத்தான் உருவாகிறது. தளத்தை ஹோமுக்குள் வைத்தால், உள்ளே எல்லாவற்றுக்கும் 777 கொடுத்தாலும் வெப் சர்வரால் வாசலையே தாண்ட முடியாது. நேம்ஐ கட்டளையை 'எல்' விருப்பத்தோடு முழுப் பாதைக்கு ஓட்டினால், எந்தப் படியில் கதவு மூடியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். தளத்தை வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ-க்குள் வைத்தால் இந்தப் பேச்சே இல்லை. ரெட்ஹேட் வகைகளில் உரிமைகள் எல்லாம் சரியாக இருந்தும் 403 வந்தால் காரணம் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. அதை அணைக்கச் சொல்பவர்கள் அதிகம். ரீஸ்டோர்கான் கட்டளை ஒன்றே பெரும்பாலும் போதும். ப்ராக்ஸியாக (வேறொரு சர்வருக்கு முன்னால் நின்று கைமாற்றிவிடுவதாக) ஓடும்போது 502 வந்தால், எச்டிடிபிடி பிற போர்ட்டுகளோடு இணைய அனுமதிக்கும் எஸ்இலினக்ஸ் பூலியனை (ஆன்/ஆஃப் சுவிட்ச்சை) இயக்க வேண்டும்.

502-க்கு இன்னொரு வழக்கமான காரணம், பிஹெச்பியைப் புதிய பதிப்புக்கு உயர்த்தியதும் சாக்கெட் கோப்பின் பெயரில் உள்ள பதிப்பு எண் மாறிவிடுவது. என்ஜின்எக்ஸ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸ்ஸில் முகப்பு திறந்து, உள்பக்கங்கள் எல்லாம் 404 என்றால் அப்பாச்சியில் ரீரைட் மாட்யூலை இயக்கி, அந்த ஃபோல்டருக்கு அலவ்ஓவர்ரைடை 'ஆல்' ஆக்க வேண்டும். இயல்பில் அது 'நன்', அதனால் டாட் எச்டிஅக்சஸ் கோப்பில் என்ன எழுதினாலும் சர்வர் திரும்பியும் பார்க்காது. படம் ஏற்றும்போது 413 (அனுப்பியது மிகப் பெரிது) வந்தால் என்ஜின்எக்ஸ்-இன் வரம்பு, இயல்பில் 1 எம்பி. அதைக் கூட்டியதும் பிஹெச்பியின் வரம்பு வந்து நிற்கும்: ஏற்றும் கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் போஸ்ட்டுக்கு 8 எம்பி. மூன்றையும் கூட்ட வேண்டும். உபுண்டுவில் பிஹெச்பி.ஐஎன்ஐ ஒன்றல்ல; கட்டளை வரிக்கு ஒன்று, எஃப்பிஎம்முக்கு ஒன்று, அப்பாச்சிக்கு ஒன்று என்று தனித்தனி. டெர்மினலில் கேட்டால் காட்டுவது கட்டளை வரிக்கான கோப்பை. அதைத் திருத்திவிட்டு ஏன் மாறவில்லை என்று உட்கார்ந்திருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. சரியானதைத் திருத்தி எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின்எக்ஸ் அமைப்பில் கைவைத்தால், ரீலோடுக்கு முன் 'டி' விருப்பத்தோடு சோதனை ஓட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 'டூ மெனி ரீடைரக்ட்ஸ்' வந்தால், முன்னால் நிற்கும் ப்ராக்ஸி எச்டிடிபிஎஸ்-ஐப் பிரித்துவிட்டு உள்ளே எச்டிடிபியில் பேசுகிறது, உள்ளே உள்ள மென்பொருள் மறுபடி எச்டிடிபிஎஸ்-க்கு விரட்டுகிறது என்று பொருள். எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ தலைப்பை அனுப்பி, மென்பொருளிலும் அந்த ப்ராக்ஸியை நம்பச் சொன்னால் தீரும்.

பணம் வீணாகும் முக்கியமான இடம் நினைவகம். 1 ஜிபி சர்வரில் தளம் சில நாள் ஒழுங்காக ஓடி, திடீரென்று 'தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை' என்று விழும். பாஸ்வேர்டைச் சரிபார்ப்பார்கள், மறுபடி நிறுவுவார்கள், கடைசியில் இரண்டு மடங்கு வாடகையில் பெரிய சர்வருக்கு மாறுவார்கள். அதற்கு முன் டிமெசேஜ் (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) வெளியீட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள். கர்னல் இடம் போதாமல், மிகப் பெரிதாக இருந்த செயல்முறையைக் கொன்றிருக்கும். அது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல். குற்றவாளி வேறு. உபுண்டு, டெபியனில் அப்பாச்சி ப்ரீஃபோர்க் முறையில் மேக்ஸ்ரிக்வஸ்ட்வொர்க்கர்ஸ் (ஒரே நேரத்தில் ஓடும் வேலையாள் செயல்முறைகளின் உச்ச எண்) இயல்பில் 150. ஒரு வேர்ட்பிரஸ் வேலையாள் 50 எம்பி எடுத்தால், கூட்டம் வந்த நேரத்தில் 7.5 ஜிபி கேட்கும். கணக்கு எளிது: 1024-இல் இயங்குதளத்துக்கு 200, தரவுத்தளத்துக்கு 400 கழித்தால் மிச்சம் 400 சொச்சம், 50-ஆல் வகுத்தால் 8. அந்த எண்ணை அங்கே போட்டு, 1 ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் வட்டிடம்) கோப்பும் வைத்தால் சிறிய தளத்துக்கு அதே சர்வர் தாராளம். அப்போதும் போதாவிட்டால் என்ஜின்எக்ஸ், பிஹெச்பி-எஃப்பிஎம்முக்கு மாறலாம். பெரிய சர்வருக்குப் போய் வட்டையும் பெரிதாக்கிவிட்டால் பல இடங்களில் திரும்பச் சுருக்க விடமாட்டார்கள், அதையும் யோசியுங்கள்.

வட்டு நிரம்புவதும் இதே போலக் காரணம் தெரியாத மரணம். டாக்கரின் இயல்பான லாக் முறைக்கு அளவு வரம்பே இல்லை. மேக்ஸ்-சைஸ் 10 எம்பி, மேக்ஸ்-ஃபைல் 3 என்று போடாவிட்டால் மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். மைஎஸ்க்யூஎல் 8-இல் பைனரி லாக் (தரவில் நடந்த மாற்றங்களின் பதிவு) இயல்பிலேயே இயங்குகிறது, 30 நாளைக்குச் சேர்த்து வைக்கிறது. ரெப்ளிகேஷனும் (வேறு சர்வருக்குத் தொடர்ந்து நகலெடுப்பது), குறிப்பிட்ட நொடிக்கு மீட்கும் தேவையும் இல்லாத தளத்தில் மூன்று நாளாகக் குறைக்கலாம். டிஎஃப் கட்டளை இடம் இருப்பதாகக் காட்டியும் எழுத முடியவில்லை என்றால் 'ஐ' விருப்பத்தோடு பாருங்கள், ஐநோட் (வட்டில் எத்தனை கோப்பு வைக்கலாம் என்ற ஒதுக்கீடு) தீர்ந்திருக்கும்.

கன்டெய்னர்களில் தரவை இழக்கும் வழிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். வால்யூம் கட்டாமல் ஓட்டிய தரவுத்தளத்தின் தரவு அந்தக் கன்டெய்னரை நீக்கி மறுபடி எழுப்பினால் புதியதில் இருக்காது. கம்போஸ் டவுன் கட்டளையோடு 'வி' சேர்த்தால் வால்யூமும் போகும், கேள்வி கேட்காது. இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று போட்டு வைத்திருந்தால், ஒரு நாள் புல் செய்ததும் போஸ்ட்கிரஸ் பெரிய பதிப்பு மாறி, பழைய பதிப்பின் தரவைப் படிக்க மறுத்துவிடும். தரவு அழியவில்லை, பயப்பட வேண்டாம். பழைய எண்ணையே திரும்பப் போட்டு எழுப்பி, டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்றுங்கள். பாஸ்வேர்டைச் சூழல் மாறியில் மாற்றியும் பழையதே வேலை செய்கிறது என்றால் அது பிழையல்ல. காலியான தரவு ஃபோல்டரை முதன்முறை உருவாக்கும்போது மட்டுமே அந்த மாறி படிக்கப்படும். பிஹெச்பி கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான், தரவுத்தளம் அல்ல. கம்போஸ் கோப்பில் வைத்த சேவைப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

பழைய தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றுபவர்கள் எழுத்துக் குறியீட்டு அமைப்பைப் பார்க்காமல் நகர்த்தாதீர்கள். மைஎஸ்க்யூஎல் 8-க்கு முன் இயல்பான எழுத்துக் குறியீடு லத்தீன்1. 'யூடிஎஃப்8' என்று அது அழைத்ததும் ஒரு குறிக்கு 3 பைட்தான் தரும். தமிழ்க் குறிகள் 3 பைட்டுக்குள் அடங்கிவிடும், எமோஜிக்கு 4 வேண்டும், அங்கே பதிவு அறுந்துவிடும். தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு மூன்றையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். ஏற்றிய பிறகு தமிழ் முழுக்க ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் இன்னும் மீட்கலாம், பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. கேள்விக்குறிகளாகவே பதிவாகிவிட்டால் மூல டம்ப்பிலிருந்து மறுபடி தொடங்குவது தவிர வேறு வழியில்லை.

மின்னஞ்சலுக்கு ஒரே வரி: போர்ட் 25-ஐப் பல வாடகைச் சர்வர்களில் மூடி வைத்திருக்கிறார்கள், சொந்தமாக மெயில் சர்வர் நிறுவப் போராடாமல் ஒரு எஸ்எம்டிபி சேவையை 587 வழியாகக் கட்டிவிடுங்கள்.

எந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை இவ்வளவு தூரம் தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. நிறுவும் வசதியை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பை யார் தருகிறார்கள், எத்தனை காலத்துக்கு என்று கேளுங்கள். டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) சொந்தப் பேக்கேஜ் என்றால் உபுண்டு எல்டிஎஸ்-இன் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பின்) 'மெயின்' பகுதியில் உள்ளவற்றுக்கு 5 ஆண்டு, அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் தானாகவே போட்டுக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் திணித்துத் தரும் தொகுப்புகளுக்கு இந்த வழி எட்டாது, புதிய பதிப்பை நீங்களே இறக்கி மாற்ற வேண்டும். பெரிய பெயர் என்பதும் உத்தரவாதம் இல்லை. 2029 வரை என்று எல்லோரும் நம்பிய சென்ட்ஓஎஸ் 8 லினக்ஸ், 2021 டிசம்பரோடு முடிந்தது. ரெடிமேட் தொகுப்புகள் தரும் பிட்நாமி தன் இலவச டாக்கர் இமேஜ்களில் பெரும்பாலானவற்றை 2025-இல் 'லெகசி' களஞ்சியத்துக்கு நகர்த்தி, அங்கே புதுப்பிப்பு வராது என்று அறிவித்தது. சின்னத் தளத்துக்கு என் விருப்பம் டெபியன் அல்லது உபுண்டு எல்டிஎஸ், அதன் சொந்த என்ஜின்எக்ஸ், எஃப்பிஎம், மரியாடிபி. அலங்காரமில்லாத தேர்வு, ஆனால் தூங்க விடும்.

பேக்கப்பில் தரவுத்தள டம்ப், ஏற்றிய படங்கள், அமைப்புக் கோப்புகள் மூன்றும் இருக்க வேண்டும், சர்வருக்கு வெளியேயும் அந்தக் கணக்குக்கு வெளியேயும் இருக்க வேண்டும். வாடகைக் கணக்கு முடங்கினால் அதற்குள் எடுத்த ஸ்னாப்ஷாட்டும் முடங்கும். மைஎஸ்க்யூஎல்டம்ப்புக்கு சிங்கிள்-ட்ரான்சாக்ஷன் விருப்பம் கொடுத்தால் இன்னோடிபி அட்டவணைகளைப் பூட்டாமல் ஒரே கணத்தின் நகல் கிடைக்கும். கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கருவியில்) ஜிஜிப் என்ற சுருக்கும் கருவியோடு இணைத்து ஓட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாஸ்வேர்ட் மாறி டம்ப் தோற்றாலும் ஜிஜிப் தன் வேலையை முடித்து, தேதியிட்ட கோப்பை ஒழுங்காக வைத்துவிடும். உள்ளே ஒன்றும் இருக்காது, அளவு 20 பைட். ஃபோல்டரில் நாள்தோறும் ஒரு கோப்பு சேர்வதைப் பார்த்து நிம்மதியாக இருப்போம். ஸ்கிரிப்டில் பைப்ஃபெயில் (இணைத்த கட்டளைகளில் ஒன்று தோற்றாலும் பிழை என்று சொல்லும் விருப்பம்) போடுங்கள், கோப்பின் அளவைச் சோதித்து, குறைந்தால் எச்சரிக்கச் சொல்லுங்கள். முழுமையாக முடிந்த டம்ப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு இருக்கும். அந்த வரி இல்லாத கோப்பைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.